நான் புதியவர்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் கொதிக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் நமக்குள் சண்டை வருகிறது என்று, போன் அம்மாவுக்கு, கடிதம் உனக்கு என்று ஒப்பந்தம் போட்டோமே, அதை நான் மீறவில்லை. அதனால் திட்டுவதையெல்லாம் எழுத்தில் திட்டுகிறேன்.

நாலு வருஷமாகச் செய்துகொண்டிருந்த கேமை நிறுத்திவிட்டார்கள். டிவியில் கன்சோலை மாட்டி, சோபாவில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஆடுகிற பெரிய கேம். அதில் ஒரு தொங்குபாலம் மட்டும் எனக்கு ஏழு மாதம் எடுத்தது. காற்றடித்தால் ஒவ்வொரு பலகையும் தனித்தனியாக ஆடும். திங்கட்கிழமை மீட்டிங் போட்டு, இனிமேல் கம்பெனி மொபைல் கேம் மட்டும்தான் செய்யும் என்று சொல்லிவிட்டார்கள். என் பாலத்தில் யாரும் நடக்கப்போவதில்லை.

புதுத் தலைவர் ஒருவர் வந்திருக்கிறார். எதைக் காட்டினாலும் "இதை வெட்டிடலாம்" என்பதால் கத்தரிக்கோல் என்று பெயர் வைத்திருக்கிறோம். "ஆட்டம் ஆறு செகண்டுல ஆரம்பிச்சிடணும். ஏழாவது செகண்டுல ஆள் வேற எங்கேயாவது போயிடுவான்" என்கிறார். இப்போது நான் செய்வது, குழாய்களைத் திருப்பிச் சேர்த்து ஒரு பூந்தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கேம். அதுவும் முழுதாக இல்லை. முதல் ஐந்து நிமிடம், ஆடத் தெரியாதவருக்குச் சொல்லித்தரும் பகுதி மட்டும் என் பொறுப்பு. ஒரு மஞ்சள் குருவி வந்து, "வணக்கம், இந்தக் குழாயைத் தொடுங்கள்" என்கிறது. பாலம் கட்டியவள் குருவிக்கு வசனம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டு ஆட்களை வைத்துச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். உனக்கும் லிங்க் அனுப்புகிறேன். போனில் ஏற்றி ஆடிப் பார். பெயர் எங்களுக்குத் தெரியாது, ஆளுக்கு ஓர் எண் விழும், அவ்வளவுதான். அதனால் கூச்சப்படாமல் தப்பு செய்யலாம்.

இந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்டு. முப்பது வருஷம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவள், சிவப்புப் பேனாவோடு காத்திருப்பாள்.

கொதிப்பு அடங்காத
அக்கா


பிப்ரவரி 3

அன்பு அக்காவுக்கு,

இங்கே இரண்டு பேரும் சுகம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. பதில் தாமதமானதற்கு என்னைத் திட்டாதே, லிஃப்டுகளைத் திட்டு. இந்த மாதம் பதினான்கு கட்டடங்களில் பழுது. பட்டனை ஒரு தடவை அழுத்தினால் லிஃப்ட் வரும், பத்துத் தடவை அழுத்தினால் ஓடி வரும் என்று நினைக்கிற ஜனங்களோடு என் பிழைப்பு. உன் கத்தரிக்கோலை என் லிஃப்டில் நிறுத்தினால் ஆறாவது செகண்டில் படி வழியாக இறங்கிப் போய்விடுவார்.

பாலம் போனதற்கு வருத்தமாக இருக்கிறது. போன வருஷம் நீ அனுப்பிய வீடியோவில் பார்த்தேன். பலகைகள் ஆடியது நிஜம் மாதிரியே இருந்தது.

குருவி கேமை ஏற்றியாயிற்று. அம்மா உன் கடிதத்தைப் பார்த்தாள். முதல் பத்தியிலேயே ஓர் ஒற்று விட்டிருக்கிறாய் என்றாள்.

ஒரு விஷயம். ஞாயிறு சாயங்காலம் அவளுக்குப் போன் செய்வதை இனிமேல் காலையில் வைத்துக்கொள். சாயங்காலத்தில் அவளுக்குக் கொஞ்சம் களைப்பாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணுக்கு ஓய்வு கொடு.

தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

கண்ணைத் தவிர மற்றதெல்லாம் நலம். அங்கே சளி, காய்ச்சல் ஒன்றும் இல்லையே?

கன்சோல் என்றால் ஒரே ஒரு பெட்டி. அதற்குச் செய்தால் எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி ஓடும். இங்கே என் மேஜையில் முப்பத்தொரு போன்கள். ஒன்றில் குருவியின் மூக்கு வெட்டுப்படுகிறது. இன்னொன்று இஸ்திரிப் பெட்டி மாதிரி சுடுகிறது. ஆடுகிறவரின் கட்டைவிரலே கால்வாசித் திரையை மறைத்துவிடுகிறது. நான் பார்த்துப் பார்த்து வரைந்த பூந்தொடியின் மேல் எந்நேரமும் யாரோ ஒருவருடைய விரல். பஸ்ஸில் எல்லாரும் சத்தத்தை அணைத்துவிட்டு ஆடுகிறார்கள் என்பதால் எங்கள் இசையமைப்பாளர் நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

முன்பு கேமைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டால் முடிந்தது. ஆடியவர் சிரித்தாரா, எரிச்சலில் டிவியை உடைத்தாரா, நமக்குத் தெரியாது. இப்போது ஒவ்வொரு தொடுதலும் எங்கள் கம்ப்யூட்டருக்கு வந்துவிடுகிறது. அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு பெண் இருக்கிறாள். சுவரெல்லாம் புள்ளி புள்ளியாகப் படம் ஒட்டி வைத்திருப்பதால் அவள் பெயர் புள்ளி.

புள்ளி எனக்கு ஒரு தலைவலியைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாள். கேமைத் திறந்ததும் இரண்டு பட்டன் வரும். ஒன்று "தொடர்க". மற்றது "நான் புதியவர்". அதை அழுத்தினால் குருவி முதலிலிருந்து சொல்லித்தரும். சோதிக்கிற நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் ஒரு தடவை கற்றுக்கொண்டு மேலே போய்விட்டார்கள். பதினேழாம் எண் மட்டும் தினமும் காலையில் "நான் புதியவர்" அழுத்துகிறது. தினமும் குருவியிடம் பாடம் கேட்கிறது. மறுநாள் மறுபடியும் புதியவர். கத்தரிக்கோல் இதை மீட்டிங்கில் பெரிதாகப் போட்டுக் காட்டி, "பதினெட்டு நாள் சொல்லிக்கொடுத்தும் ஒரு ஆளுக்குப் புரியலைன்னா, சொல்லிக்கொடுக்கிற விதத்துல கோளாறு" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

யாருடைய வீட்டு மரமண்டையோ தெரியவில்லை. அதனால் முழுவதையும் மறுபடி எழுதுகிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். ஞாயிற்றுக்கிழமை காலையில் நன்றாகத்தான் பேசினாள், ஆனால் என்ன சாப்பிட்டாய் என்று மூன்று தடவை கேட்டாள். நான் இளைத்துவிட்டேன் என்ற கவலை போலிருக்கிறது.

அக்கா


மார்ச் 28

அன்பு அக்காவுக்கு,

நலமாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

வேலை அதிகம். வாசல் கதவுக்கு மேல்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டேன். காற்றில் கதவு தானாகத் திறந்துகொள்கிறது.

உன் கடிதத்தில் பிழை எதுவும் இல்லை என்றாள் அம்மா.

பதினேழாம் எண்ணை மரமண்டை என்று எழுதியிருந்தாய். முன்பின் தெரியாத ஆளை அப்படிச் சொல்ல வேண்டாம். அவரவருக்கு ஆயிரம் இருக்கும். சொல்லித்தருகிறவளுக்கு இவ்வளவு கோபம் ஆகாது.

அந்த "நான் புதியவர்" பட்டனை எடுத்துவிட மாட்டீர்களே? சும்மாதான் கேட்டேன்.

தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம்தான். நீ நலமா என்று உன் கடிதத்தைப் படித்தால் தெரியவில்லை. ஐந்து வாரம் காக்க வைத்துவிட்டு எட்டு வரி எழுதுகிறாய், அதில் இரண்டு வரி எனக்குப் புத்திமதி.

பிழை எதுவும் இல்லையா? போன கடிதத்தில் அம்மாவுக்காக வேண்டுமென்றே ஒரு பிழை வைத்தேன். "பூந்தொட்டி"யில் வரும் "ட்" என்ற ஒற்றை விட்டு எழுதினேன். அம்மா கண்ணில் அது படாமல் போகாது. நீ கடிதத்தைக் காட்டவே இல்லை, அதுதான் உண்மை. மேஜையில் போட்டுவிட்டு வேலைக்கு ஓடியிருப்பாய். அவளுக்குப் பொழுது போக வேறு என்ன இருக்கிறது? இதைக்கூடச் செய்ய முடியாதா உன்னால்?

இங்கே பாடத்தை மூன்று தடவை சுருக்கினேன். பதினேழு அசையவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆள் தப்பே செய்வதில்லை. குருவி சொன்னதும் சரியாகச் செய்து, பூ மலர்ந்ததும் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடிவிடுகிறது. நாளைக்கு மறுபடியும் புதியவர்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. மீட்டிங்கில் நானே எழுந்து, "அந்த பட்டனை வெட்டிடலாம்" என்று சொல்லிவிட்டேன். கத்தரிக்கோல் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அடுத்த அப்டேட்டில் அது இருக்காது. ஒரு தடவை கற்றவர் நேராக விட்ட இடத்துக்குப் போவார்.

அம்மாவின் கண்ணைப் பரிசோதித்து எத்தனை நாள் ஆயிற்று? அதையாவது செய்.

அக்கா


ஏப்ரல் 30

அக்காவுக்கு,

சுகம்.

புது அப்டேட் வந்தது. நன்றாக இல்லை. திறந்தால் குருவி வரவில்லை, நேராக ஏதோ ஒரு லெவல் வருகிறது. பழையதைத் திருப்பி அனுப்ப முடியுமா? ஒரே ஒரு போனுக்கு அனுப்பினாலும் போதும். முடிந்தால் சீக்கிரம்.

அம்மா கண்ணில் ஒன்றும் கோளாறு இல்லை. டாக்டரிடம் காட்டியாயிற்று.

தம்பி


மே 9

தம்பி,

இந்தத் தடவை யாருடைய நலத்தையும் நான் விசாரிக்கப்போவதில்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்.

நீ ஒரு கேமுக்காகக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அதனால் உன் கடிதத்தைப் படித்ததும் புள்ளியிடம் போய், பட்டனை வெட்டியதில் யாருக்காவது தொந்தரவா என்று கேட்டேன்.

"எல்லாரும் ஓகேக்கா. பதினேழுதான் நின்னுபோச்சு. அப்டேட் போன அன்னிக்குப் பதினோரு தடவை திறந்திருக்காங்க. எதையும் தொடலை. அப்புறம் வரவே இல்லை."

"போகட்டும் விடு" என்றுதான் நினைத்தேன். அவள்தான், "இவங்களோட படம் ஒண்ணு விசித்திரமா இருக்குக்கா, பாருங்க" என்று திரையைத் திருப்பினாள். ஒருவர் எங்கெங்கே விரல் வைத்தார் என்பது சிவப்புச் சிவப்பாகத் தெரியும் படம் அது. எல்லாருக்கும் குழாய் மேல் சிவப்பாக இருக்கும். பதினேழுக்குக் குழாயைவிடக் குருவி பேசும் வசனத்தில்தான் சிவப்பு. அதிலும் ஒரே ஓர் எழுத்தின் மேல். எழுபது நாள், அதே எழுத்து.

பெரிதாக்கிப் பார்த்தேன். "செடிக்குத் தண்ணிர் வேண்டும்" என்று இருந்தது. நான் எழுதிய வசனம், பாடத்தை மூன்று தடவை சுருக்கியும் அப்படியே நின்ற வரி. "ணீ" குறிலாகிப் போயிருக்கிறது. நாலு மாதமாக இத்தனை பேர் பார்த்தும் யார் கண்ணிலும் படாத பிழை.

"புள்ளி, பதினேழு யாருன்னு பாக்க முடியுமா?"

"பேர் இருக்காதுக்கா. லிங்க் யார் அனுப்பினதுன்னு மட்டும் இருக்கும்." தேடிவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க அனுப்பினதுதான்." நான் லிங்க் அனுப்பியது உனக்கு மட்டும்தான்.

உனக்கு நாலு தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. அம்மாவுக்குச் செய்தேன். "தம்பி வேலைக்குப் போயிருக்கான், நான் நல்லா இருக்கேன்" என்றாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. பின்னால் உன் இருமல் சத்தம் கேட்டது.

அம்மாவுக்கு என்ன? எத்தனை நாளாக? மறைக்காமல் எழுது. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், நீயும் அப்படியே அனுப்பு.

அக்கா


மே 17

அன்பு அக்காவுக்கு,

நான் நலமாக இல்லை, அம்மாவும் நலமாக இல்லை. இதை எழுதுவதற்கு ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது.

ஒருநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பியபோது அம்மா தலை வாரி, கைப்பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள். "எங்கம்மா?" என்றேன். "அச்சகத்துக்குத்தான். லேட்டாயிடுச்சு" என்றாள். அச்சகத்தை மூடி ஆறு வருஷம். டாக்டரிடம் கூட்டிப்போனேன். புதிதாக எதுவும் தங்காது, இருப்பது மெல்ல மெல்லக் கழன்றுகொண்டே போகும் என்றார். அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "அவகிட்ட சொல்லாதே. பெரிய வேலை பண்ணிட்டிருக்கா, எல்லாத்தையும் போட்டுட்டு வந்து நிப்பா" என்றாள். சத்தியம் வாங்கினாள். மறுநாள் அந்தச் சத்தியம் அவளுக்கு நினைவில்லை. எனக்கு இருந்தது. உன் கேம் முடிந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் அதை நிறுத்திவிட்டார்கள், உன் கடிதத்தில் அவ்வளவு வேதனை. அதற்கு மேல் இதை எப்படிப் போடுவது?

உன் கடிதங்களைக் காட்டாமல் இல்லை. முதல் பத்தியைத் தாண்டுவதற்குள் அவளுக்கு ஆரம்பம் மறந்துவிடுகிறது. சின்னச் சின்ன வரிகளில் மட்டும் பழைய கண் இன்னும் இருக்கிறது.

அந்த கேமை என் பழைய போனில் ஏற்றி அவளிடம் கொடுத்தேன். தினமும் காலையில் திறப்பாள், "நான் புதியவர்" என்று சத்தமாகப் படிப்பாள், அழுத்துவாள். குருவி சொல்லித்தரும். பூ மலர்ந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள். "இதைச் செஞ்சது அக்காதாம்மா" என்பேன். "அவளா? நிஜமாவா?" என்பாள். எழுபது நாளும் அதே ஆச்சரியம். ஐந்து நிமிடப் பாடத்தை அவள் நிதானமாக ஆடும் அந்த இருபது நிமிடத்தில்தான் நான் குளித்து, சவரம் செய்து, யூனிஃபார்மைத் தேய்ப்பேன். அதன்பிறகு எதிர்வீட்டு நர்ஸ் அம்மா வந்து பார்த்துக்கொள்வார்.

அப்டேட் வந்த அன்று, "இது எனக்குத் தெரியாதே" என்று வைத்துவிட்டாள். எடுத்தாள், வைத்தாள். அப்படியே மத்தியானம் வரை.

அக்கா, ஒரே கேள்வியை நாற்பது தடவை கேட்டால் நாற்பத்தோராவது தடவை நான் கத்திவிடுகிறேன். உன் குருவிக்கு எரிச்சல் வருவதில்லை. எனக்கு வருகிறது. இதைத்தான் உன்னிடம் சொல்ல முடியாமல் இருந்தது, வியாதியை அல்ல.

உன் கடிதத்துக்காகக் காத்திருக்கும்
தம்பி


மே 26

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். உன்னை இன்னும் மன்னிக்கவில்லை. எழுபது நாள் அவளை நான் மரமண்டை என்று நினைத்துக்கொண்டிருந்ததற்காக என்னையும் மன்னிக்கவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது? அந்த இருமலுக்கு மருந்து சாப்பிட்டாயா?

கத்தரிக்கோலிடம் நேராகப் போனேன். பட்டனைத் திருப்பி வைக்க வேண்டும் என்றேன்.

"ஒரே ஒரு ஆளுக்காகவா?"

"ஆமா. ஒரே ஒரு ஆளுக்காக."

"வெட்டினது நான் இல்லையே. நீங்கதானே எழுந்து நின்னு சொன்னீங்க."

அவர் சொன்னது சரி. பிறகு காரணத்தைச் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "எல்லாருக்கும் போற கேம்ல மாத்த முடியாது. உங்க சொந்த நேரத்துல தனியா ஒரு காப்பி பண்ணிக்கோங்க. எனக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

செய்துவிட்டேன். ஆறு நாள் பிடித்தது. இதற்கு அப்டேட் வராது. யாரும் எதையும் எண்ண மாட்டார்கள். பெட்டியில் போட்டுக் கொடுத்த காலத்து கேம் மாதிரி, கொடுத்தது கொடுத்தபடியே இருக்கும். திறந்ததும் ஒரே பட்டன், "நான் புதியவர்". "தண்ணிர்" அப்படியே இருக்கிறது. இதோடு இன்னும் நூறு வசனம் எழுதினேன், தினம் ஒரு வசனம், அதில் ஒரு பிழை. பிழையைத் தொட்டால் குருவி, "ஐயோ, கவனிக்கவில்லை. நன்றி" என்று திருத்திக்கொள்ளும். நன்றாக எழுதத் தெரிந்தவளுக்குப் பிழையாக எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது.

நான் அங்கே வருகிறேன், ஜூன் பத்தாம் தேதி. வேலையை விடவில்லை. கன்சோல் வேலை என்றால் சோதனைப் பெட்டிகளைப் பூட்டிய அறையை விட்டு வெளியே கொண்டுபோக விட மாட்டார்கள், நகரவே முடியாது. இதை ஒரு பையில் போட்டு எங்கே வேண்டுமானாலும் கொண்டுவரலாம். நாலரை மாதமாக நான் திட்டித் தீர்த்த வேலைக்கு இப்படி ஒரு வசதி இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் இருக்கிறது.

என் பழைய அறையில் உன் லிஃப்ட் சாமான்கள் கிடக்கும். எடுத்துவிடு.

அக்கா


ஆகஸ்ட் 14

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அம்மாவும் நானும் சுகம். நீ நன்றாகத் தூங்குகிறாயா? உன் நண்பர் வீட்டு மாடியில் காற்று வருகிறதா? இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பத்து நாள் லீவு, அதற்கே உன்னைப் பிடித்துத் தள்ள வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை நடந்ததை உனக்கு விளக்க வேண்டும்.

காலையில் ஹாலில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தேன். அம்மா, "என்னம்மா பண்றே?" என்றாள். "வேலை பாக்கறேன்மா." "போன்லயா?" "ஆமா, போன்ல ஆடற கேம்." "நல்ல வேலைதான்." இரண்டு நிமிடம் கழித்து, "என்னம்மா பண்றே?" நானும் எண்ணிக்கொண்டே வந்தேன். நீ நாற்பது வரை தாங்கியிருக்கிறாய். நான் இருபத்தாறில் கத்திவிட்டேன். "எத்தனை தடவைம்மா சொல்றது?" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நர்ஸ் அம்மா எட்டிப் பார்த்தார்.

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கொஞ்ச நேரத்தில் அம்மா உள்ளே வந்தாள். நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரு உன்னைத் திட்டினது?" என்றாள்.

"யாரும் இல்லைம்மா."

"பொய் சொல்லாதே. யாருன்னு சொல்லு, நான் கேக்கறேன்."

நான் என்ன சொல்வேன்? "ஆபீஸ்ல ஒருத்தர்" என்றேன். "அவனுக்குப் போனைப் போடு" என்று கையை நீட்டினாள். விடவில்லை. பயந்துபோய் உன் நம்பரைப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அதன்பிறகு நடந்தது உனக்கே தெரியும். "என் பொண்ணை எதுக்கு அழ வைக்கிறே? அவ எவ்வளவு கெட்டிக்காரின்னு தெரியுமா உனக்கு?" என்று அவள் ஆரம்பித்ததும் நீ ஒரு நிமிடம் திகைத்திருப்பாய். ஆனால் மறுமுனையில் கட்டைக் குரலில், "தப்புதாங்கம்மா. தாங்க முடியாம கத்திட்டேன், மன்னிச்சிடுங்க" என்று கேட்டது. யார் என்னவென்று எதுவும் தெரியாமல் அது எப்படி உடனே உன் வாயில் வந்தது?

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள். பிறகு, "சரி விடு. உனக்கும் வேலை ஜாஸ்தி போலிருக்கு. வேளா வேளைக்குச் சாப்பிடு" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

என்னிடம் திரும்பி, "கண்டிச்சுட்டேன். ஆனா பாவம், நல்லவன்தான்" என்றாள்.

மீதி இருக்கும் ஆறு நாளும் நிம்மதியாக இருந்துவிட்டு வா. ஏழாம் நாள் காலையில் வாசலில் நீ நிற்க வேண்டும், ஏனென்றால் மறுபடி நான் இருபத்தாறைத் தாண்டுவேனா என்று எனக்குத் தெரியவில்லை.

உன்
அக்கா